வாட்ஸ்அப் உங்களுடையதுதான்... உள்ளே இருப்பது நீங்கள் மட்டும்தானா?

"அக்கா, அவசரத்துல என் நம்பருக்குப் பதிலா உங்க நம்பரைக் கொடுத்துட்டேன். உங்க போனுக்கு ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும். அதைக் கொஞ்சம் அனுப்புங்களேன்!"

பக்கத்து பிளாட் பெண்ணின் பெயரில், அவரது புகைப்படத்தோடு, அவரது எண்ணிலிருந்தே வருகிறது இந்த மெசேஜ். தினமும் குரூப்பில் பார்க்கிற முகம். யாருக்குச் சந்தேகம் வரும்? வந்த எண்ணை அப்படியே அனுப்பிவிடுவார்கள். அடுத்த நிமிடமே அக்காவின் வாட்ஸ்அப் கணக்கு வேறு யாருடைய கைக்கோ போய்விடும். ஏனென்றால், அந்தப் பெண்ணின் கணக்கும் ஏற்கெனவே இப்படித்தான் பறிபோயிருக்கிறது. இனி அக்காவின் பெயரில் தம்பிக்கும் சித்திக்கும், 'அவசரமா இருபதாயிரம் ஜி-பே பண்ண முடியுமா? நாளைக்குத் திருப்பித் தர்றேன்' என்று மெசேஜ்கள் பறக்கும்.

இதைத்தான் 'ஹேக் பண்ணிட்டாங்க' என்கிறோம். அந்த வார்த்தையைக் கேட்டால் ஏதோ கம்ப்யூட்டர் மேதை பூட்டை உடைத்ததுபோலத் தோன்றும். பெரும்பாலும் அப்படி எதுவும் நடப்பதில்லை. திருடன் கதவைத் தட்டிச் சாவியைக் கேட்கிறான், நாம் கொடுத்துவிடுகிறோம். எந்தெந்த வடிவத்தில் சாவியைக் கேட்பான் என்று தெரிந்துவிட்டால், அவன் பிழைப்பு நம்மிடம் நடக்காது.

சாவி கைமாறும் நான்கு வழிகள்

முதல் வழி, மேலே சொன்ன ஆறு இலக்க எண். வாட்ஸ்அப்பில் நம் அடையாளமே மொபைல் எண்தான். புது போனில் அந்த எண்ணைப் பதிவு செய்யும்போது, உரிமையாளர்தானா என்று உறுதிசெய்ய எஸ்.எம்.எஸ். மூலமாகவோ, போன் அழைப்பு மூலமாகவோ ஆறு இலக்க எண் வரும். திருடன் தன் போனில் உங்கள் எண்ணைப் பதிவு செய்கிறான். எண் உங்களுக்கு வருகிறது. அதை வாங்க அவன் சொல்லும் காரணம்தான் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவரிடம் பரிசு என்பான், இன்னொருவரிடம் யோகா வகுப்பில் பதிவு என்பான், மற்றொருவரிடம் கூரியர் என்பான்.

இரண்டாவது, நட்சத்திரக் குறி போட்டு டயல் செய்யச் சொல்வது. 'உங்கள் பார்சலை உறுதிசெய்ய இந்த எண்ணை டயல் செய்யுங்கள்' என்பார்கள். *21* அல்லது *401* என்று தொடங்கி, பின்னால் ஒரு பத்து இலக்க எண் இருக்கும். டயல் செய்தால் உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அந்த எண்ணுக்குத் திருப்பிவிடப்படும். அதன்பிறகு திருடன், 'ஆறு இலக்க எண்ணை அழைப்பில் சொல்' என்று வாட்ஸ்அப்பிடம் கேட்பான். அந்த அழைப்பு நேராக அவனுக்கே போகும். இப்படி டயல் செய்து அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. ஆனாலும் மோசடி அடியோடு ஒழிந்துவிடவில்லை. தெரியாமல் டயல் செய்திருந்தால் ##002# என்று டயல் செய்யுங்கள். திருப்பிவிடல் எல்லாம் ரத்தாகும்.

மூன்றாவது, சத்தமே இல்லாமல் நடப்பது. வாட்ஸ்அப்பைக் கம்ப்யூட்டரிலும் வேறு கருவிகளிலும் இணைத்துப் பயன்படுத்தலாம் அல்லவா? அந்த வசதிதான் இங்கே திருடனுக்கு வாசல். 'உங்க போட்டோ இதுல இருக்கு, பாருங்க' என்று ஒரு லிங்க் வரும். திறந்தால், 'பார்ப்பதற்கு உங்கள் எண்ணைக் கொடுங்கள்' என்று கேட்கும். பிறகு எழுத்தும் எண்ணும் கலந்த எட்டு எழுத்துக் குறியீடு ஒன்றைக் காட்டி, 'இதை வாட்ஸ்அப்பில் போடுங்கள்' என்று சொல்லும். போட்டால் திருடனின் கம்ப்யூட்டர் உங்கள் கணக்கோடு இணைந்துவிடும். உங்கள் போனில் வாட்ஸ்அப் வழக்கம்போலவே வேலை செய்யும் என்பதால் சந்தேகமே வராது. இந்த மோசடி பற்றி மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2025 டிசம்பரில் எச்சரித்தது. கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யச் சொல்வதும் இதே வேலைதான்.

நான்காவது, கல்யாணப் பத்திரிகை, மின்கட்டண பில், அபராத நோட்டீஸ் என்ற பெயர்களில் வரும் ஃபைல். பெயரின் கடைசியில் 'ஏ.பி.கே.' என்று இருந்தால் அது பத்திரிகை இல்லை, ஒரு ஆப். இன்ஸ்டால் செய்து, அது கேட்கும் அனுமதிகளையும் கொடுத்துவிட்டால், உங்கள் எஸ்.எம்.எஸ்.களை உங்களைக் கேட்காமலே படித்து அனுப்பிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் திறக்காத மெசேஜ் ஏற்கெனவே படிக்கப்பட்டதாக இருக்கிறதா? நீங்கள் அனுப்பாத மெசேஜுக்கு யாராவது பதில் போடுகிறார்களா? புரொஃபைல் படமோ, ஸ்டேட்டஸோ தானாக மாறியிருக்கிறதா? 'உங்கள் எண் இந்தப் போனில் இப்போது பதிவில் இல்லை' என்று திரையில் வருகிறதா? இவற்றில் ஒன்று நடந்தாலும் விழித்துக்கொள்ள வேண்டும்.

கேட்காமலே ஆறு இலக்க எண் வந்தால் பதற வேண்டாம். யாரோ முயற்சி செய்கிறார்கள், இன்னும் உள்ளே வரவில்லை என்று அர்த்தம். வேறு யாராவது தங்கள் எண்ணைத் தவறாக அடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. யாரிடமும் சொல்லாதவரை அந்த எண்ணால் ஆபத்து இல்லை. சிம் கார்டுக்குக் காரணமே இல்லாமல் சிக்னல் போய், பக்கத்தில் இருப்பவரின் அதே நிறுவன சிம் மட்டும் நன்றாக வேலை செய்தால் கவனியுங்கள். உங்கள் பெயரில் வேறு யாரோ மாற்று சிம் வாங்கியிருக்கலாம். உடனே மொபைல் நிறுவனத்தை அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப்பின் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், 'லிங்க்டு டிவைசஸ்' என்று வரும். ஐபோனில் செட்டிங்ஸ் பகுதியில் இருக்கும். உங்கள் கணக்கு வேறு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது, கடைசியாக எப்போது பயன்பட்டது என்ற பட்டியல் அங்கே தெரியும். போனைத் தவிர நான்கு கருவிகள் வரை இணைக்க முடியும். அடையாளம் தெரியாத ஒன்று இருந்தால், அதைத் தொட்டு 'லாக் அவுட்' கொடுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் ஜெராக்ஸ் கடையிலும் திறந்துவிட்டு மறந்துபோனதும் இதே பட்டியலில் இருக்கும். மாதத்தில் ஒரு நாள், கரன்ட் பில் கட்டும் நாளில், இதையும் பார்த்துவிடுவது நல்லது.

டெலிகிராமில் இதே பட்டியல் செட்டிங்ஸில் 'டிவைசஸ்' என்ற பெயரில் இருக்கிறது. மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் ஒரே தொடுதலில் வெளியேற்றும் வசதியும் அங்கே உண்டு.

இரண்டாவது பூட்டு

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுன்ட் என்று போனால் 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' இருக்கும். அதில் ஆறு இலக்க பின் எண் ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளலாம். இதன்பிறகு எஸ்.எம்.எஸ். எண் திருடனுக்குக் கிடைத்தாலும், பின் எண் இல்லாமல் கணக்கைத் திறக்க முடியாது. பின் மறந்துபோனால் மாற்றிக்கொள்ள உதவும் இமெயில் முகவரியையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.

பலரும் குழம்பும் இடம் இது. எஸ்.எம்.எஸ்.ஸில் வருவதும் ஆறு இலக்கம், இதுவும் ஆறு இலக்கம். முதலாவது ஒவ்வொரு முறையும் புதிதாக வெளியிலிருந்து வரும். இரண்டாவது உங்கள் மனதில் மட்டும் இருக்கும். எந்த மெசேஜிலும் வராது. இரண்டையுமே யாரிடமும் சொல்லக் கூடாது. பிறந்த தேதியையும் 123456-ஐயும் பின் எண்ணாக வைக்க வேண்டாம்.

போன் பூட்டியிருக்கும்போதே எஸ்.எம்.எஸ். முழுவதும் திரையில் தெரிகிறதா? அதை மறைத்துவிடுங்கள். இல்லையென்றால் மேஜைமேல் கிடக்கும் போனை எட்டிப்பார்ப்பவருக்கே எண் கிடைத்துவிடும். கூடுதல் வசதிகள் இருப்பதாகச் சொல்லி வலம்வரும் வேறு நிற வாட்ஸ்அப்களையும் தொடாதீர்கள்.

பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இன்னொரு விஷயம். அப்பாவின் பழைய சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாமல், வைஃபையில் வாட்ஸ்அப் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். சிம் இணைப்பு துண்டிக்கப்பட்டு 90 நாட்கள் கழிந்தால், அந்த எண்ணை மொபைல் நிறுவனம் வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். அவர் வாட்ஸ்அப்பில் பதிவு செய்தால் ஆறு இலக்க எண் அவருக்குத்தான் போகும். எண்ணைக் கைவிடுவதாக இருந்தால், முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் 'சேஞ்ச் நம்பர்' மூலம் புது எண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

பறிபோய்விட்டால் என்ன செய்வது?

பதற்றத்தில் சிலர் ஆப்பை போனிலிருந்து அழித்துவிடுகிறார்கள். அதனால் பயனில்லை. ஆப்தான் அழியும், கணக்கு இருந்த இடத்திலேயே இருக்கும்.

செய்ய வேண்டியது, உங்கள் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து உங்கள் எண்ணை மறுபடியும் பதிவு செய்வது. சிம் உங்களிடம் இருப்பதால் ஆறு இலக்க எண் உங்களுக்கே வரும். அதைப் போட்ட நொடியில் திருடன் வெளியேற்றப்படுவான். எண் வரத் தாமதமானால், திருடன் பலமுறை முயன்றிருக்கலாம். திரையில் காட்டும் நேரம் முடியும்வரை காத்திருங்கள். குத்துமதிப்பாக எண்களைப் போட்டுப் பார்க்காதீர்கள்.

எண்ணைப் போட்டபிறகு பின் கேட்கிறது, நீங்கள் எதுவும் வைக்கவில்லை என்றால், திருடன் வைத்திருக்கிறான். அப்போது 7 நாட்கள் காத்திருந்தால் பின் இல்லாமலே உள்ளே போகலாம். ஆனால் எஸ்.எம்.எஸ். எண்ணைப் போட்டபோதே அவன் வெளியேறிவிட்டான் என்பதால், அந்த ஏழு நாட்களும் அவனாலும் கணக்கைப் பயன்படுத்த முடியாது. கணக்கு திரும்பியதும் லிங்க்டு டிவைசஸ் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் லாக் அவுட் செய்துவிட்டு, புது பின் வையுங்கள்.

இவற்றோடு சேர்த்தே செய்ய வேண்டியது, நெருங்கியவர்களுக்குச் சாதாரண அழைப்பில் தகவல் சொல்வது. 'என் பெயரில் பணம் கேட்டால் கொடுக்காதீங்க' என்ற ஒரு வரி போதும். குரூப் அட்மின்களிடம் உங்கள் எண்ணைத் தற்காலிகமாக நீக்கச் சொல்லுங்கள்.

யாராவது பணம் அனுப்பிவிட்டிருந்தால், ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். பணம் திருடனின் கையில் சேரும் முன் பல வங்கிக் கணக்குகள் தாண்டிப் போகும். வழியிலேயே அதை முடக்க இந்த உதவி எண் வங்கிகளோடு இணைக்கப்பட்டிருக்கிறது. சீக்கிரம் சொன்னால்தான் பணம் வழியில் இருக்கும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசு இணையதளத்திலும் புகார் பதியலாம். திருடன் அனுப்பிய மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆள்மாறாட்டம் செய்து ஆன்லைனில் ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்கீழ் மூன்று ஆண்டுகள் வரை சிறை உண்டு.

உள்ளே இருப்பவர் வீட்டுக்காரராகவே இருந்தால்?

பட்டியலில் தெரியும் அந்நியக் கருவி எங்கோ இருக்கும் திருடனுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. போன் பூட்டு தெரிந்த கணவரோ மனைவியோ, அண்ணனோ, சில நொடிகளில் தன் லேப்டாப்பில் இணைத்துவிட முடியும். அக்கறை, சந்தேகம், உரிமை என்று எந்தப் பெயர் வைத்தாலும், ஒருவருக்குத் தெரியாமல் அவரது மெசேஜ்களைப் படிப்பது வேவு பார்ப்பதுதான். போன் பூட்டை மாற்றுவதும், வாட்ஸ்அப்புக்குக் கைரேகைப் பூட்டு போடுவதும் இதைத் தடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. வேவு பார்ப்பவர் அடிக்கவோ மிரட்டவோ செய்கிறவர் என்றால், லாக் அவுட் செய்தவுடன் அவருக்குத் தெரிந்துவிடும். முதலில் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பகமான ஒருவரிடம் சேருங்கள். பெண்கள் 181 என்ற உதவி எண்ணில் ஆலோசனை கேட்டுவிட்டு அடுத்த அடியை எடுத்துவைக்கலாம்.

திட்டாதீர்கள்!

பணம் கேட்டு மெசேஜ் வந்தால், கேட்டவரை போனில் அழைத்துக் குரலைக் கேளுங்கள். எடுக்கவில்லையா, வீட்டில் இன்னொருவரை அழையுங்கள். 'இப்ப பேச முடியாது, மெசேஜ் மட்டும் பண்ணு' என்ற பதில் வந்தால் பணத்தை அனுப்பாதீர்கள். குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல்லை முடிவு செய்துவைத்துக்கொள்வதும் நல்ல பழக்கம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வீட்டின் மனநிலை. ஆறு எண்ணைச் சொல்லிவிட்ட அம்மா, அதை மகனிடம் சொல்லத் தயங்குவது எதற்காக? 'இதுகூடத் தெரியாதா?' என்ற கேள்விக்குப் பயந்துதான். அந்தத் தயக்கத்தில் கழியும் ஒரு மணி நேரம்தான் திருடனுக்குக் கிடைக்கும் சம்பளம். படித்தவர்களும் ஏமாறுகிறார்கள், ஏமாற்றுவதையே முழுநேரத் தொழிலாகச் செய்கிறவர்களிடம் ஏமாந்ததில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இன்று சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் உள்ள எல்லோரது போனையும் வாங்கி, லிங்க்டு டிவைசஸ் பட்டியலை அவர்களுக்கே காட்டி, பின் எண்ணை அவர்கள் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள். கூடவே, 'தப்பா எதையாவது அழுத்திட்டா உடனே சொல்லுங்க, யாரும் திட்ட மாட்டோம்' என்றும் சொல்லிவிடுங்கள்.