"புஸ்" என்றொரு பொய்

களமருதூர் டீக்கடையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சைலன்சர் மாட்டிய துப்பாக்கி எப்படிச் சுடும் என்று. "புஸ்" என்பார்கள். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவரும் சொல்வார், பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கூடச் சில நேரம் சொல்வார். ஒரு குழாயைத் திருகி மாட்டினால் போதுமாம்; பக்கத்து அறையில் தூங்குகிறவன் புரண்டுகூடப் படுக்கமாட்டானாம். இந்த ஞானம் முழுக்க சினிமா போட்ட பிச்சை. 1962இல் வந்த 'டாக்டர் நோ'வில் ஜேம்ஸ் பாண்ட் பேராசிரியர் டென்ட்டை அப்படித்தான் சுட்டுத் தள்ளினான். அதற்குப் பிறகு நம்மூர் வில்லன்கள் கையிலும் அந்தக் குழாய் ஏறிவிட்டது, இன்னும் இறங்கவில்லை.

சாதாரண 9 மி.மீ. கைத்துப்பாக்கி வெடிக்கும்போது உச்ச ஒலி ஏறத்தாழ 160 டெசிபல். நல்ல சைலன்சர் அதில் 25, 30 டெசிபலைக் குறைக்கும். மிச்சம் 130ஐ ஒட்டி நிற்கும். நம் நாட்டில் பட்டாசுக்கு விதி வைத்திருக்கும் வரம்பு, வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபல். அளக்கும் முறை வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தக் கூடாதுதான். ஆனாலும் பேச்சு எந்த அளவுச் சத்தத்தைப் பற்றியது என்பது விளங்கும். புல்லட் வண்டியிலும் சைலன்சர் இருக்கிறது. அந்த வண்டி தெருமுனை திரும்புவது வீட்டுக்குள் இருப்பவருக்குக் கேட்காமலா போகிறது?

இரண்டும் ஒரே குடும்பத்துச் சரக்கு என்பது வேடிக்கை இல்லை, வரலாறு. துப்பாக்கி சைலன்சருக்கு 1909இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ஹைரம் பெர்சி மாக்சிம், மோட்டார் வாகனங்களின் புகைக்குழாய்ச் சத்தத்தை அடக்கும் வேலையிலும் இருந்தவர். அவருடைய அப்பா ஹைரம் மாக்சிம் 1884இல் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைச் செய்தவர். அந்தச் சத்தத்திலேயே இருந்து காது போனவர். தகப்பன் காதைக் கெடுத்த சத்தத்தை மகன் கொஞ்சம் தணித்தார். நார்வேயிலும் பின்லாந்திலும் வேட்டைக்காரர்கள் இன்றைக்கும் இதைக் காதுக்காகத்தான் மாட்டுகிறார்கள். கொலைகாரனின் மந்திரக்குழாய் என்கிற பெயரைக் கொடுத்தது திரைக்கதைக்காரர்கள்.

அந்தக் குழாய் அடக்குவது ஒரே ஒரு சத்தத்தை. பேரல் வாயிலிருந்து சீறி வரும் வாயுவை அறை அறையாகத் தடுத்து, ஆறவிட்டு வெளியே அனுப்புகிறது. குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால், அதாவது நொடிக்குச் சுமார் 343 மீட்டரைத் தாண்டினால், போகிற வழியெல்லாம் காற்றைக் கிழித்துத் தனியாக ஒரு 'படீர்' எழுப்பும். சைலன்சரை விட்டு வெளியேறிய குண்டை அந்தச் சைலன்சர் என்ன செய்ய முடியும்? அதற்கு வேகம் குறைந்த தோட்டா வேண்டும்.

அப்படியே வைத்துக்கொள்வோம். அடுத்த தோட்டா எப்படி ஏறும்? சினிமா தொடாத இடம் இது.

ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1911இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட துப்பாக்கியிலிருந்து இன்றைய கிளாக் வரை, பெரும்பாலான கைத்துப்பாக்கிகளின் உள்வேலை ஒரே மாதிரிதான். சுட்டதும் பேரலும் மேலே இருக்கும் ஸ்லைடும் ஒன்றையொன்று பிடித்தபடி சில மில்லிமீட்டர் பின்னால் வரும். பேரலின் பின்பக்கம் சற்றே கீழே சாயும். பிடி விட்டதும் ஸ்லைடு தனியாகப் பின்னே ஓடி, காலித் தோட்டாவை வெளியே எறிந்துவிட்டு, ஸ்பிரிங் தள்ள முன்னே வந்து மேகசினிலிருந்து புதிய தோட்டாவை ஏற்றும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிகிற இந்தக் கணக்கு பேரலின் எடையையும் வைத்துப் போட்டது.

அந்தப் பேரலின் நுனியில் பேரலைவிடக் கனமான ஒரு குழாயைத் தொங்கவிட்டால் கணக்கு பிசகாமல் என்ன செய்யும்? பேரல் பின்வாங்கத் திணறும், சாய மறுக்கும், ஸ்லைடு பாதி வழியில் சோர்ந்து நிற்கும். காலித் தோட்டா வெளியே விழாமல் வாசலிலேயே மாட்டிக்கொண்டு நெட்டுக்குத்தலாக நிற்கும். 'ஜாம்' என்பார்களே, அது. சுட்டவன் கையால் ஸ்லைடை இழுத்து அதை உதறிவிட்டுத்தான் அடுத்த தோட்டாவைப் பற்றி யோசிக்க முடியும். நம் வில்லனோ அதே துப்பாக்கியால் பத்துப் பேரைச் சாய்த்துவிட்டு, கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு காரில் ஏறுகிறான்.

இதைச் சமாளிக்கத்தான் பேரலுக்கும் சைலன்சருக்கும் நடுவில் ஸ்பிரிங்கும் பிஸ்டனும் கொண்ட ஒரு பாகம் வந்தது. நீல்சன் கருவி என்று பெயர். சைலன்சர் ஒரு கணம் இருந்த இடத்திலேயே நிற்க, பேரல் மட்டும் பின்னால் போய்வர அது இடம் கொடுக்கும். அதிலும் கரி அடைத்தால், எண்ணெய் காய்ந்தால் பழையபடி ஜாம்தான். இன்னொரு பக்கம், வெளியே போக வழியில்லாத வாயு கொஞ்சம் பின்னால் திரும்பி, உள்பாகங்களில் கரியைப் பூசி, சுடுகிறவன் முகத்திலும் அடிக்கும். திருகி மாட்டும் மரையில் நூலளவு கோணல் இருந்தால், குண்டு சைலன்சரின் உள்தட்டுகளிலேயே மோதும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று தலைதூக்குகிற இயந்திரம் இது.

நிஜமாகவே சத்தம் வரக் கூடாது என்று முனைந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தானாக ஏறும் வசதியையே விட்டுக்கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ரகசியப் படைகளுக்காகச் செய்த வெல்ராடில், ஒவ்வொரு தோட்டாவுக்கும், துப்பாக்கியின் பின்னால் இருக்கும் குமிழைக் கையால் திருகி இழுக்க வேண்டும். வியட்நாமில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் வைத்திருந்த 'ஹஷ் பப்பி'யில் ஸ்லைடு அசையாதபடி பூட்டு போட்டிருந்தார்கள், அது அடிக்கும் 'கடக்' சத்தம்கூடக் காட்டிக்கொடுக்கும் என்று. ரிவால்வரில் சைலன்சர் மாட்டுகிற நம் இயக்குநர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ரிவால்வரின் உருளைக்கும் பேரலுக்கும் நடுவில் இடைவெளி உண்டு, வாயு அந்த வழியாகவே வெடித்து வெளியேறும். உருளை முன்னே நகர்ந்து இடைவெளியை அடைக்கும் ரஷ்ய நகான்ட் 1895 போன்ற அபூர்வங்களை விட்டால், மற்றதில் குழாய் மாட்டுவது அலங்காரம்.

இதெல்லாம் நமக்கு எதற்கு, கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் யாரிடம் சைலன்சர் இருக்கிறது என்று கேட்கலாம். கேள்வி சரிதான். கல்வராயன் மலையில் போலீஸ் பறிமுதல் செய்வதும், ஒப்படைக்கச் சொல்லிக் கேட்பதும் நாட்டுத் துப்பாக்கிகளை. வாய்வழியாகக் கரிமருந்தும் குண்டும் போட்டுக் கெட்டித்து, ஒவ்வொரு முறையும் புதிதாக நிரப்ப வேண்டியவை. மக்காச்சோளத்தையும் மரவள்ளியையும் மேயவரும் காட்டுப்பன்றிக்கென்று வைத்திருப்பதாகச் சொல்வார்கள். அதில் ஸ்லைடும் இல்லை, மேகசினும் இல்லை. சுட்டால் எதிர்மலை திருப்பிச் சொல்லும்.

ஆனாலும் சமவெளியில் எங்காவது துப்பாக்கிச் சூடு நடந்து, அக்கம்பக்கத்தார் "சத்தமே கேக்கலைங்க" என்றால் போதும், கதை சைலன்சருக்குத் தாவிவிடுகிறது. போர் மோட்டார் ஓடியிருக்கும், டிவி அலறியிருக்கும், சாவு ஊர்வலத்தில் வெடி போட்டிருப்பார்கள். வெடிச்சத்தத்துக்கு ஜன்னலைத் திறந்து பார்க்கிற வழக்கமே நம் ஊர்களில் இல்லை. கேட்ட சத்தத்தைப் பட்டாசு என்று ஒதுக்கியவர், பிறகு கேட்கவே இல்லை என்று சொல்வதும் உண்டு. அதைத் துருவிக் கேட்பதை விட்டுவிட்டு வெளிநாட்டுக் கூலிப்படையைக் கற்பனை செய்தால், விசாரணைதான் திசைமாறும்.

சட்டம் இந்தக் குழாயை விளையாட்டுச் சாமானாக நினைக்கவில்லை. சத்தத்தையோ தீப்பொறியையோ குறைக்கும் துணைக்கருவி, ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் முதல் வகையிலேயே இருக்கிறது. கடையில் வாங்கி மாட்டுகிற சரக்கு அல்ல.

செய்தியாளர்களுக்கு ஒன்று: பறிமுதல் பட்டியலிலோ தடயவியல் அறிக்கையிலோ கண்ணால் பார்க்கும்வரை 'சைலன்சர் துப்பாக்கி' என்று எழுதாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்கவில்லை என்றால், கேட்கவில்லை என்று மட்டும் எழுதுங்கள்.