துருவுக்குப் போர்வை போத்தாதீங்க

பழைய பிக்கப் வாங்குனதும் நம்மாளுங்க செய்யற முதல் வேலை, லோடு பாடியில ரப்பர் மேட்டை விரிக்கறது. வண்டிக்குப் பாதுகாப்பாம்! துருவுக்குத்தான் பாதுகாப்பு. திருப்பூர்ல சாயப்பட்டறைக்கு உப்பு ஏத்துன வண்டியா இருந்தா, தகடு ஏற்கெனவே அரிச்சிருக்கும். நாம அதுல ஈர எருவும் பொட்டாஷ் மூட்டையும் ஏத்தறோம். உப்பும் பொட்டாஷும் குளோரைடுதானுங்க. அந்தத் தண்ணி மேட்டுக்கடியில காயாம நின்னா, கண்ணுக்குத் தெரியாமலே தகடு ஓட்டையாயிரும்.

தகட்டோட ஒட்டிக்கற ஸ்ப்ரே கோட்டிங் மேட்டை விட நல்லதுதான். ஆனா, "துருவா? அடிச்சா மூடிக்கும்ங்க"ன்னு சொல்ற பட்டறைப் பக்கம் போகாதீங்க. பாலியூரித்தேனோ பாலியூரியாவோ, எதுவானாலும் துருவெல்லாம் போய் இரும்பு பளிச்சுன்னு தெரியற வரைக்கும் தேய்ச்சு, பிரைமர் அடிச்சப்புறம்தான் அடிக்கோணும். இல்லீன்னா துருவோட சேர்ந்து உரிஞ்சு வந்துரும். போட்ட காசு தண்டம்.

ரேட்டு கேக்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணு பாருங்க. அந்த மருந்துல ஐசோசயனேட் இருக்கு. அடிக்கறப்ப மூச்சுல போனா ஆஸ்துமா வரும். வேலை செய்யற பையன் வெறும் கர்ச்சீப்பைக் கட்டிக்கிட்டு நின்னா, எவ்வளவு கம்மி ரேட்டானாலும் வண்டியைத் திருப்பிருங்க. நம்ம தகடு நாலு வருசம் கூட உழைக்கறதுக்கு அவன் நெஞ்சு கெடோணுமா?