உட்கார முடியாத கட்டில்

கிள்ளான் காப்பார் சாலையில் எனக்கொரு பட்டறை இருக்கிறது. இரும்புக் குழாயும் பிளைவுட்டும் வைத்து இரண்டடுக்குக் கட்டில் செய்வதுதான் இப்போது என் வருமானத்தில் பெரும்பங்கு. உணவக முதலாளிகள், தொழிற்சாலைகளுக்கு ஆள் தங்க வைக்கும் குத்தகையாளர்கள், பிரிக்பீல்ட்ஸில் கடைவீட்டு மேல்மாடியை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லாரும் வருவார்கள். அறையின் நீள அகலத்தைச் சொல்லிவிட்டு, "எத்தனை பேரைப் போடலாம்?" என்று கேட்பார்கள். அறையின் உயரத்தை யாரும் சொல்வதில்லை. நான் கேட்டால்தான் அண்ணாந்து பார்த்து ஒரு கணக்குச் சொல்வார்கள். அந்த உயரத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

வளர்ந்த ஆண் ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்தால், இருக்கையிலிருந்து உச்சந்தலை வரை ஏறக்குறைய மூன்றடி. சிலருக்கு இரண்டு அங்குலம் குறையும். படுக்கைக்கு மேலே அந்த மூன்றடி இல்லாவிட்டால் அங்கே படுக்கலாம், புரளலாம், வேறொன்றும் செய்ய முடியாது. சட்டை மாட்ட வேண்டுமானாலும் இறங்க வேண்டும்.

அண்மையில் பேராக்கின் தெமெங்கோர் ஏரியில் ஓடும் சிறிய படகு வீடு ஒன்றுக்குப் படுக்கை அமைக்கும் வேலை வந்தது. அந்த ஏரிக்கு இங்கிருந்து தோமான், செபாராவ் மீன் பிடிக்கப் போகிறவர்கள் நிறையப் பேர். பூலாவ் பண்டிங் படகுத்துறையிலிருந்து கிளம்பும் படகு வீடுகள் பலவற்றில் கூடத்தில் மெத்தையை வரிசையாகப் போட்டுத் தூங்குவதுதான் வழக்கம். இந்த உரிமையாளருக்குத் தனித்தனிப் படுக்கை வேண்டுமாம். அறை பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம், உயரம் ஆறரை அடி. "ஆறு பேருக்குப் போடுங்க அண்ணே" என்றார். நான் நான்கு பேருக்குத்தான் ஒத்துக்கொண்டேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் போர்ட் கிள்ளானில் மீன்பிடிப் படகு கட்டிய ஒரு சீனத் தச்சர். படகில் இடம் தேடுகிறவன் முதலில் கால்களைப் பார்க்க வேண்டும் என்பார் அவர். தூங்குகிறவரின் தலைக்கும் நெஞ்சுக்கும் மேலேதான் வெளி வேண்டும். முழங்காலுக்குக் கீழே ஒன்றேகால் அடி உயரம் கிடைத்தால் தாராளம். அதனால் இரண்டு பக்கச் சுவரோரமும் தாழ்வாக ஒவ்வொரு படுக்கை போட்டேன். பின்சுவரை ஒட்டிக் குறுக்கே மூன்றாவது படுக்கையைத் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் நிறுத்தினேன். பக்கத்துப் படுக்கை இரண்டின் கால்மாடும் அதற்கு அடியில் நுழைந்துகொள்ளும். கீழே படுக்கும் இருவருக்கும் தலைக்கு மேலே கூரை வரை திறந்த வெளி. மேலே படுப்பவரும் நிமிர்ந்து உட்காரலாம். நான்காவது படுக்கை முன்பக்கம் குறுக்கே, பகலில் அதுவே பெஞ்சு, அடியில் மிதவை அங்கிகளும் சமையல் சாமானும். அதன் தலைக்கு மேல் மடக்கும் கட்டில் ஒன்றைத் தொங்கவிட்டு ஐந்தாம் ஆளைச் சேர்க்க உரிமையாளர் ஆசைப்பட்டார். அளந்து காட்டினேன்: மேலே கிடைப்பது ஒன்றே முக்கால் அடி. அதை அவரே வேண்டாம் என்றுவிட்டார்.

படகில் இன்னொரு காரணமும் உண்டு. பாரம் மேலே ஏற ஏற மிதக்கும் வீடு ஆட்டம் காணும். எழுபது கிலோ ஆட்கள் இரண்டு மூன்று பேரை உயரத்தில் ஏற்றி வைத்தால், மாலைக் காற்று ஏரியைக் கலக்கும்போது அந்தப் படகு சாய்ந்து நிமிர அதிக நேரம் எடுக்கும். அதனால் கனமான சாமான் எல்லாம் அடியில், ஆட்களும் முடிந்தவரை தாழ்வாக. பலகையை ஒரே பரப்பாக அடிக்காமல் இரண்டங்குல இடைவெளி விட்டுச் சட்டம் சட்டமாக அடித்தேன். நம் நாட்டு ஈரத்தில் மெத்தைக்கு அடியில் காற்று ஓடாவிட்டால் கொஞ்ச நாளிலேயே பூசணம் பிடிக்கும். கதவு அடைபட்டால் வெளியேறுவதற்கு, ஆள் நுழையும் அகலத்தில் ஒரு சன்னலும் வைத்தேன்.

இரண்டு இரவு மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு இத்தனையும் யோசிக்கிறோம். இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்து தங்கியிருக்கும் தொழிலாளிக்கு யார் யோசிக்கிறார்கள்?

சட்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் குடியிருந்தவர்களுக்காக வந்தது. 2019இல் திருத்தி, 2020 ஜூன் 1 முதல் மற்றத் துறைகளுக்கும் விரித்தார்கள். மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். உறங்கும் இடம் ஆளுக்கு 3.6 சதுர மீட்டர், பெரிய விடுதிக்கூடம் என்றால் 3 சதுர மீட்டர். கட்டில் 1.7 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. மெத்தை நான்கு அங்குலக் கனம். பூட்டு உள்ள அலமாரி. இரண்டடுக்குக் கட்டிலானால் படுக்கைக்கும் படுக்கைக்கும் இடையே 0.7 மீட்டர். தோட்டத்து லயத்தில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்று தெரியும். அதே 2020 நவம்பரில் கிள்ளான் மேருவில் கையுறைத் தொழிற்சாலைத் தொழிலாளர் விடுதிகளில் கோவிட் பரவி, ஆயிரக்கணக்கானோருக்குத் தொற்று கண்டது. நெருக்கிப் படுக்க வைப்பது நோய்க்கு வழிவிடுவதாகும் என்பதை அன்றைக்கு நாடே பார்த்தது.

ஆனால் 0.7 மீட்டர் என்பது இரண்டேகால் அடி. அதையே கீழ்க்கட்டிலுக்கும் மேல்கட்டிலுக்கும் இடையே எடுத்துக்கொண்டு ஒருவர் கட்டில் அடித்தால், கீழே இருப்பவர் குனிந்தபடிதான் உட்கார வேண்டும். பலர் அப்படித்தான் அடிக்கச் சொல்கிறார்கள். மேல்கட்டிலுக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மேலே படுப்பவரின் கைக்கு எட்டும் தூரத்தில் மின்விசிறி சுழலும் அறைகளுக்குள் நான் கட்டில் இறக்கப் போயிருக்கிறேன். அங்கே கட்டிலை இறக்காமல் திரும்பியும் வந்திருக்கிறேன்.

புதுக்கோட்டையிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ வந்து உணவகத்தில் வேலை செய்யும் தம்பிக்கு இந்த ஊரில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அந்தக் கட்டில் ஒன்றுதான் உண்டு. வேலை முடிந்து நள்ளிரவில் வந்து, மனைவியிடமும் பிள்ளையிடமும் போனில் முகம் பார்த்துப் பேசுவது அதில் உட்கார்ந்துதான். வாங்கி வந்த சோற்றைச் சாப்பிடுவதும், திருநீறு பூசிக்கொள்வதும், தொழுகை முடிந்து சற்று இளைப்பாறுவதும் அங்கேதான். அங்கே அவர் நிமிர்ந்து இருக்க வேண்டும்.

என் அப்பா 1949இல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறி, அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட போர்ட் கிள்ளானில் இறங்கினார். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றும்படி அமைந்தது. அவர்களுக்குக் கட்டில் எதுவும் கிடையாது, பாய் விரித்த இடம்தான் படுக்கை. அந்தப் பயணம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று பொறுத்துக்கொண்டார்கள். விடுதி வாழ்க்கை அப்படிச் சீக்கிரம் முடிவதில்லை.

ஒரு ஆளைக் கூடுதலாகச் செருகுவதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இந்திய ரயில்வே அனுபவத்தில் கண்டது. அங்கே மூன்றடுக்குப் பெட்டியில் நடுப் படுக்கையை இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரைதான் விரிக்கலாம். பகலில் அது சாய்மானமாக மடங்கி, எல்லாரும் உட்கார இடம் விடும். நல்ல யோசனை அது. லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்தபோது, பக்கவாட்டில் இருந்த இரண்டு படுக்கைகளுக்கு நடுவிலும் ஒன்றைச் செருகிப் பார்த்தார்கள். பயணிகளால் படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. எதிர்ப்பு கிளம்பி, பிறகு அது எடுக்கப்பட்டது. ஒரு ராத்திரிப் பயணத்துக்கே மக்கள் அதை ஏற்கவில்லை.

வாடகை ஏறிவிட்டது, சின்னக் கடைக்காரன் என்ன செய்வான் என்று முதலாளிகள் கேட்பார்கள். வாடகை நெருக்கடி உண்மைதான். ஆனால் மேல்கட்டிலை ஓர் அடி உயர்த்த எனக்குத் தேவைப்படுவது நான்கு கால்களுக்கும் ஒவ்வோர் அடிக் குழாய், கூடவே ஒரு ஏணிப்படி. கட்டிலின் விலையில் அது பெரிய தொகை இல்லை. ஒன்பதடிக் கூரை உள்ள அறையில் மேலும் கீழும் இருவர் நிமிர்ந்து உட்காரும்படி கட்டில் செய்ய முடியும். கூரை விசிறியை மட்டும் கழற்றிச் சுவரில் மாட்ட வேண்டும். கூரை தாழ்ந்த அறையென்றால் படகில் செய்ததைப் போல ஒன்றைக் குறுக்கே திருப்பி, கால்மாட்டை அடியில் விடலாம். அதற்கும் இடம் போதாத அறையில் ஆளைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த இழப்பை முதலாளி ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

மனிதவள அமைச்சு 446ஆவது சட்டத்தின் விதிமுறையில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும்: ஒவ்வொரு மெத்தையின் மேற்பரப்பிலிருந்தும் 90 சென்டிமீட்டர் தடையில்லாத உயரம், மேல்கட்டிலுக்கும் அதுவே. தங்குமிடச் சான்றிதழ் தருவதற்கு முன் தொழிலாளர் இலாகா அதிகாரி நாடாவைத் தரையில் மட்டும் விரிக்காமல் செங்குத்தாகவும் பிடித்து அளக்கட்டும். விதி வரும்வரை என் பட்டறையில் அந்த அளவுக்குக் குறைந்த கட்டில் செய்து தருவதில்லை. கிள்ளானில் இதே தொழில் செய்யும் மற்றவர்களும் இப்படி முடிவெடுத்தால், குறைந்த உயரத்தில் கட்டில் கேட்டு வருகிறவர்களுக்கு வாங்க இடம் இருக்காது.