வெறிநாய் என்று ஒரு பெயர்

ஐ.ஆர்.ஏ. என்ற பெயரை என் வயதுக்காரர்களில் பலரும் முதலில் கேட்டது 1979 ஆகஸ்டில், மவுண்ட்பேட்டன் பிரபுவைப் படகில் குண்டு வைத்துக் கொன்றபோதுதான். நம் கடைசி வைஸ்ராய் ஆயிற்றே! அதே ஆண்டு மார்ச்சில், லண்டன் பார்லிமெண்டின் கார் நிறுத்தும் இடத்திலேயே ஏரி நீவ் என்ற எம்.பி.யைக் காரோடு குண்டு வைத்துக் கொன்றது வேறொரு கூட்டம். அதன் பெயர் ஐ.என்.எல்.ஏ., அதாவது ஐரிஷ் தேசிய விடுதலைப் படை. அதற்குப் பின்னாளில் தலைமைத் தளபதியாக இருந்த டொமினிக் மக்ளின்ச்சி என்பவரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

'அவர்' என்று எழுதுவதில் சிலருக்கு ஆட்சேபம் இருக்கும். கொலைகாரனுக்கு என்ன மரியாதை என்பார்கள். இருக்கட்டும். எனக்கு 'அவன்' வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1954-இல் வட அயர்லாந்தில் பெல்லகி என்ற கிராமத்தில் ஒரு பெரிய கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1971 ஆகஸ்டில் அரசாங்கம் விசாரணையின்றிச் சிறை வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஒரே விடியற்காலையில் முந்நூறு பேருக்கு மேல் பிடித்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் கத்தோலிக்கப் பகுதிகளில் பிடிபட்டவர்கள். அந்த மாதம் உள்ளே போன மக்ளின்ச்சிக்கு வயது 17. குற்றச்சாட்டு இல்லை, வழக்கு இல்லை. பல மாதம் கழித்து வெளியே வந்தவர் துப்பாக்கி எடுத்தார்.

இந்த இடத்தோடு கதையை நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. அரசு செய்த அநியாயம் ஒரு பையனை இப்படி ஆக்கிவிட்டது, அவ்வளவுதான் என்று. எனக்கு அது போதவில்லை. அந்தச் சட்டத்தில் உள்ளே போய் வந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். எல்லோரும் கொலை செய்யப் போகவில்லையே.

1977-இல் போலீஸ் மூன்று பேர் படத்தைப் போட்டு 'தேடப்படுகிறார்கள்' என்று சுவரொட்டி ஒட்டியது. ஒருவர் இயன் மில்ன். இன்னொருவர் பிரான்சிஸ் ஹியூஸ், அதே பெல்லகிக்காரர். 1981-இல் சிறையில் 59 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிரை விட்டவர். மூன்றாமவர் மக்ளின்ச்சி. அந்த ஆண்டே எல்லைக்குத் தெற்கே, அயர்லாந்துக் குடியரசில் பிடிபட்டுச் சிறைக்குப் போனார். பிறகு ஐ.ஆர்.ஏ.வை விட்டு ஐ.என்.எல்.ஏ.வுக்கு மாறி, 1982-இல் அதன் தலைமைக்கு வந்தார்.

அந்த டிசம்பர் 6-ஆம் தேதி இரவு பாலிகெல்லி ஊரில் ராணுவத்தினர் ஆட வரும் டிஸ்கோவில் குண்டு வைத்தார்கள். கான்கிரீட் கூரை அப்படியே உட்கார்ந்துவிட்டது. 17 பேர் செத்தார்கள். 11 பேர் சிப்பாய்கள், மற்ற ஆறு பேர் சாதாரண ஜனங்கள்.

அடுத்த ஆண்டு நவம்பரில் டார்க்லி என்ற இடத்தில் ஒரு சின்னப் பெந்தகொஸ்தே சபை. ஞாயிற்றுக்கிழமை மாலை, பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் மேல் சுட்டார்கள். வாசலில் நின்ற சபை மூப்பர்கள் மூன்று பேர் பலி. சில நாளில் மக்ளின்ச்சி வின்சென்ட் பிரவுன் என்ற பத்திரிகையாளருக்குப் பேட்டி கொடுத்தார். தலைமறைவாக இருந்துகொண்டே! டார்க்லி கொலைகள் தவறு என்றார். ஆனால் அதில் பயன்பட்ட துப்பாக்கியில் ஒன்று தான் கொடுத்தது, வேறொரு ஆளைக் கொல்லக் கொடுத்தது என்றும் ஒப்புக்கொண்டார். ஏறக்குறைய முப்பது கொலைகளில் தனக்குப் பங்கு உண்டு என்றார். வரவு செலவுக் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி.

1984 மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் திருநாள் அன்று கிளேர் மாவட்டத்தில் ஒரு வீட்டில் துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு பிடிபட்டார். அன்று இரவே எல்லையில் கொண்டுபோய் வடக்குப் போலீசிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அயர்லாந்துக் குடியரசு அதுவரை ஒரு குடியரசுப் போராளியையும் அப்படி ஒப்படைத்ததில்லை. குற்றச்சாட்டு, 1977-இல் ஒரு வயதான போஸ்ட்மிஸ்ட்ரஸைக் கொன்றது. (தபால் இலாகாவில் முப்பத்தாறு வருஷம் உத்தியோகம் பார்த்தவன் நான். அந்த வரியைப் படித்ததும் சற்று நேரம் மேலே படிக்க ஓடவில்லை.) ஆயுள் தண்டனை விதித்தார்கள். மறு ஆண்டு அப்பீலில், சாட்சியம் போதாது என்று ரத்தாகிவிட்டது. திரும்பத் தெற்கே அனுப்பி, கிளேர் துப்பாக்கிச் சண்டைக்காகப் பத்தாண்டு போட்டார்கள்.

அவர் சிறையில் இருக்கும்போதுதான், 1987 ஜனவரி 31 அன்று, டண்டாக் ஊரில் வீட்டுக்குள் புகுந்து அவர் மனைவி மேரியைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த அம்மாள் அப்போது பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாராம். 1993 மார்ச்சில் மக்ளின்ச்சி விடுதலையானார். ஜூனில் ஒருமுறை சுட்டார்கள், தப்பினார். 1994 பிப்ரவரி 10 இரவு, டிராகெடாவில் தெருவோர டெலிபோன் கூண்டுக்குப் போனவரை இழுத்துப் போட்டுச் சுட்டுக் கொன்றார்கள். கூட வந்த மகனுக்கு வயது 16. தாயைக் கொன்றபோதும் வீட்டில் இருந்த பிள்ளை அது.

இரண்டு கொலைக்கும் இன்றுவரை ஒருவரும் தண்டனை அடையவில்லை.

பத்திரிகைகள் அவருக்கு வைத்த பெயர் 'மேட் டாக்', வெறிநாய். என் சண்டை இந்தப் பெயரோடுதான். முப்பது கொலையை வாய்விட்டுச் சொன்னவரைப் புனிதராக்க நான் வரவில்லை. ஆனால் வெறி பிடித்த நாயை அடித்துப் போட்டால் யாராவது எஃப்.ஐ.ஆர். போடுவார்களா? பீடை ஒழிந்தது என்று வாசலைக் கழுவி விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு மனிதனுக்கு அந்தப் பெயரை வைத்தாலும் அப்படித்தான் ஆகிறது. அடுத்த ஆகஸ்டில் ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்தது. சமாதானப் பேச்சு நடந்த அந்த நாட்களில், இந்தக் கொலையைத் துருவிப் பார்க்கும் ஆசை எந்தப் பக்கத்திலும் இருந்திருக்காது என்பது என் ஊகம். இன்னொன்றும் உண்டு. நாய் என்றால் அதற்குப் பொறுப்பு கிடையாது. டார்க்லிக்குத் துப்பாக்கி கொடுத்தவர் புத்தி தெளிவாக உள்ள மனிதர். கணக்கு வைத்திருந்தவர். அவரை மனிதர் என்று சொன்னால்தான் அந்த மூன்று மூப்பர்களின் சாவுக்கும் ஒரு பதில் கேட்க முடியும்.

பெல்லகியில் நடந்த இறுதிச் சடங்கில் பெர்னடெட் மெக்காலிஸ்கி பேசினார். குடியரசுவாதிகளிலேயே உயர்ந்தவர் இவர்தான் என்ற பொருள்பட. எனக்கு அதுவும் ஒப்பவில்லை. அந்தப் போஸ்ட்மிஸ்ட்ரஸின் வீட்டார் வானொலியில் அதைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்?

அதே பெல்லகி மண்ணில்தான் பிரான்சிஸ் ஹியூஸும் இருக்கிறார். 2013 செப்டம்பரில், நோபல் பரிசு வாங்கிய கவிஞர் சீமஸ் ஹீனியையும் அந்த ஊரிலேயே கொண்டுவந்து புதைத்தார்கள். அவருடைய உறவுக்காரப் பையன் ஒருவரையும் 1975-இல் எதிர்த்தரப்பு ஆயுதக் கும்பல் வழிமறித்துச் சுட்டுக் கொன்றிருந்தது.