வண்டி வைத்தியம்: கிளட்ச் வழுக்குதா?
வுப்பர்டால்ல சமதரைக்கு ரொம்பப் பஞ்சம் மக்கா! பள்ளத்தாக்குல இடம் பத்தாமத்தான் 1901ல தொங்கு ரயிலை ஆத்துக்கு மேலயே ஓடவிட்டாங்க. இந்த மேட்டுல கிளட்ச் வழுக்கினா இஞ்சின் கத்தும், வண்டி ஏறாது. பின்னாடி லாரி வந்தா அம்புட்டுதேன்.

டாப் கியர்ல போகும்போது ஆக்ஸிலேட்டரை முறுக்குங்க. இஞ்சின் சுத்து மட்டும் ஏறி, வேகம் ஏறலைன்னா கிளட்ச்தான்.

உடனே பிளேட் மாத்த ஓடாதீங்க. இங்க மெக்கானிக் கூலி மணிக்கணக்கு, மாணவன் பர்ஸ் தாங்காது. முதல்ல கேபிள்: லீவர் அடியில பெரும்பாலும் 2-3 மி.மீ. பிளே வேணும். இறுகியிருந்தா கிளட்ச் முழுசா ஒட்டாது. அடுத்து ஆயில்: சில கார் ஆயில்ல உராய்வைக் குறைக்கிற சரக்கு கலந்திருக்கும், டப்பாவுல 'ஜாசோ எம்ஏ' இருக்கான்னு பாருங்க.

ரெண்டும் சரியா இருந்தும் வழுக்கினா மட்டும் மூடியைக் கழட்டி பிளேட், ஸ்பிரிங்கை அளங்க. ஆயில்ல முங்குற கிளட்ச்னா புது பிளேட்டை ஆயில்ல ஊறவெச்சு மாட்டுங்க.