விஷம் நுழைய விரைவுப் பாதை. வெளியேற்ற 60 நாள் கெடு

2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு இந்தியாவில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. மக்காச்சோளக் குருத்தைக் குடைந்து தின்னும் அப்புழு அடுத்த பருவத்துக்குள் தென்மாநிலங்களெங்கும் பரவியது. வேறு பூச்சிகளுக்கெனப் பதிவு பெற்றிருந்த மருந்துகளை இதற்கும் தெளிக்கலாம் என்ற தற்காலிகப் பரிந்துரை டெல்லியிலிருந்து வர நெடுங்காலம் ஆகவில்லை. குளோரன்ட்ரானிலிப்ரோல், ஸ்பினெட்டோரம், எமாமெக்டின் பென்சோயேட், தையோமெத்தாக்சமும் லாம்ப்டா சைஹாலோத்ரினும் சேர்ந்த கலவை எனப் பட்டியல் நீண்டது. தையோமெத்தாக்சத்தைத் திறந்த வயல்களில் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் முடிவு செய்ததும் அதே 2018ஆம் ஆண்டில்தான். தேனீக்களைக் காக்க அங்கே மூடப்பட்ட கதவு, புழுவைக் கொல்ல இங்கே திறக்கப்பட்டது.

அவசர காலத்தில் அவசர முடிவு தேவை என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. கடன் வாங்கி விதைத்தவனின் பயிரைப் புழு தின்னும்போது, கோப்புகள் மேசை மேசையாக நகரட்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அவசரம் யாருக்காகச் செயல்படுகிறது, எந்தத் திசையில் மட்டும் செயல்படுகிறது என்ற கேள்வியை எழுப்பாமல் விடவும் முடியாது. இந்தியாவின் பூச்சிமருந்துச் சட்டம் இந்தக் கேள்விக்கு வெளிப்படையாகவே விடை சொல்கிறது.

அச்சட்டம் பிணங்களின் மீது எழுந்த சட்டம். 1958இல் பாரத்தியான் கலந்த உணவுப்பொருளால் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின் அமைக்கப்பட்ட விசாரணைகளின் விளைவாகவே 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டம் பிறந்தது. ஒரு மருந்து சொன்னபடி வேலை செய்கிறதா, மனிதருக்கும் கால்நடைக்கும் பாதுகாப்பானதா என்று விசாரித்து நிறைவடைந்த பின்னரே பதிவுக் குழு அதனைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 9ஆம் பிரிவு. அதே பிரிவுக்குள்ளேயே ஒரு பக்கவாசலும் உண்டு. இந்தியாவுக்குள் முதன்முறையாக வரும் மருந்தாயின், விசாரணை முடியும் முன்னரே 2 ஆண்டுகளுக்குத் தற்காலிகப் பதிவு வழங்கலாம்.

இப்போது 27ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். ஒரு மருந்து மக்களுக்கு உடனடி ஆபத்து என்று மாநில அரசு கருதினால் அதன் விற்பனையையும் பயன்பாட்டையும் தடை செய்யலாம். எவ்வளவு காலத்துக்கு? 60 நாள்களுக்கு மேற்படாமல். விசாரணை முடியவில்லையென்றால் மொத்தம் 30 நாள் நீட்டிக்கலாம். அதற்குமேல் மாநிலத்தின் கை கட்டப்பட்டுவிடும். நிரந்தரத் தடை ஒன்றிய அரசின் அதிகாரம். விசாரணை முடியாத புது மருந்துக்கு 2 ஆண்டு வாழ்வு. விஷம் என்று தெரிந்த மருந்துக்கு 90 நாள் தடை. ஒரே சட்டத்தின் இரண்டு கடிகாரங்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

இது ஏட்டளவிலான குறை அன்று. 2011 பிப்ரவரியில் எண்டோசல்பானுக்குத் தடை விதித்த கர்நாடக அரசால் 60 நாள்களுக்குத்தான் விதிக்க முடிந்தது. அன்று அங்கே ஆட்சியில் இருந்தது எடியூரப்பாவின் பாஜக அரசு. டெல்லியில் இருந்தது காங்கிரஸ் தலைமையிலான அரசு. நாடு தழுவிய தடை இயலாது என்று வேளாண் அமைச்சர் சரத் பவார் கைவிரித்துக்கொண்டிருந்தார். காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் வானிலிருந்து தெளிக்கப்பட்ட அந்த விஷத்துக்கு எதிராக உச்சநீதிமன்றம் சென்றது இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம். 2011 மே 13 அன்று இடைக்காலத் தடை கிடைத்தது. பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்ச ரூபாய் வழங்க வேண்டும் என்ற தீர்ப்பு 2017 ஜனவரியில்தான் வந்தது. தமிழ்நாடு அரசு தற்கொலைகளைத் தடுக்க மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்குத் தடை விதித்தபோதும் அதே 60 நாள்தான். பாசுமதி நெல்லில் மருந்து எச்சம் தங்கி ஏற்றுமதி திரும்பிவிடக் கூடாது என்று பஞ்சாப் அரசு பத்து மருந்துகளைத் தடுத்தபோதும் 60 நாள்தான். வெளிநாட்டு வாங்குபவரின் தட்டுக்காகப் பிறப்பிக்கப்படும் தடையும், உள்நாட்டு உழைப்பாளியின் உயிருக்காகப் பிறப்பிக்கப்படும் தடையும் ஒரே கெடுவில் காலாவதியாகின்றன.

கொள்ளேகாலின் இரண்டு புழுக்கள்

இந்த முரண்பாட்டைக் கண்கூடாகப் பார்க்கக்கூடிய ஊர்களில் ஒன்று கொள்ளேகால். 1956 வரை கோவை மாவட்டத்தின் வட்டம். மாநிலச் சீரமைப்பில் மைசூரோடு சேர்ந்து, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. கன்னடமும் தமிழும் கலந்து புழங்கும் அந்த ஊரின் பெயரைத் தமிழ்நாட்டுக்குத் தெரியவைத்தது பட்டு.

பட்டுப்புழுவும் படைப்புழுவும் உறவுக்காரர்கள். இரண்டும் அந்துப்பூச்சி இனத்தின் புழுக்கள். ஒன்று மல்பெரி இலையைத் தின்று குடும்பத்துக்குச் சோறு போடுகிறது, மற்றொன்று மக்காச்சோளத்தைத் தின்று குடும்பத்தைக் கடனாளியாக்குகிறது. இந்த வேறுபாடு மனிதருக்குத் தெரியும், மருந்துக்குத் தெரியாது. படைப்புழுவைக் கொல்லப் பரிந்துரைக்கப்பட்ட மருந்துகள் பட்டுப்புழுவுக்கும் கொடிய விஷம். பக்கத்து வயலில் தெளித்தது காற்றில் மிதந்து வந்து மல்பெரி இலையில் படிந்தால் போதும். அந்த இலையைத் தின்ற புழு கூடு கட்டாது. 25 நாள் இரவும் பகலும் கண்விழித்து இலை போட்ட பெண்ணுக்கு, சந்திரிகையில் செத்த புழுவைப் பொறுக்கும் வேலைதான் மிஞ்சும். மக்காச்சோளத்துக்கு அனுமதி வழங்கும் குழு பக்கத்து மல்பெரியின் கதையைக் கேட்பதில்லை. பயிர்வாரியாகக் கோப்பு பார்க்கும் முறையில் வரப்பு மறைந்துபோகிறது. அண்டை வயல்களில் வாழும் சிறு விவசாயிகள் இருவரும் ஒருவருக்கொருவர் எதிரியாக்கப்படுகின்றனர். மருந்து விற்ற நிறுவனம் இந்தச் சண்டையில் எங்கும் தென்படாது.

சண்டையில் தென்படாத இன்னொருவர் தெளிப்பவர். முதுகில் தெளிப்பானைச் சுமந்து, ஆளுயரப் பயிருக்குள் நடந்து, தன் முகத்தின்மீதே புகைபோல் படியும் மருந்தை மூச்சில் இழுப்பவர் பெரும்பாலும் நிலமற்ற கூலித் தொழிலாளி. பல ஊர்களில் தலித். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் தொழிலாளர்களுமாக 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் கிடந்தனர். அதன் பிறகும் பாதுகாப்பு உடை அணியாதது உழைப்பாளியின் குற்றம் என்ற பேச்சே அதிகார மட்டத்தில் உரக்கக் கேட்டது. ஏப்ரல் வெயிலில் ரப்பர் உடையும் முகமூடியும் அணிந்து அரை ஏக்கர் மருந்தடித்துக் காட்டும்படி அந்த அதிகாரிகளை யாரும் கேட்கவில்லை. மருந்தால் வீழ்ந்த உழைப்பாளிக்கு இழப்பீடு வழங்க 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழியே இல்லை.

மேலும் ஒன்றை மறக்கலாகாது. படைப்புழு வந்த அதே 2018இன் டிசம்பர் 14 அன்று, கொள்ளேகால் வட்டத்திலிருந்து பிரிந்த ஹனூர் பகுதியின் சுல்வாடி கிராமத்தில் கோயில் பிரசாதம் உண்ட 17 பேர் மாண்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பிரசாதத்தில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ். கலந்தவர் யார் என்பது நீதிமன்றம் தீர்க்க வேண்டிய வழக்கு. அந்தக் குப்பி எப்படிக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பது அரசு பதில் சொல்ல வேண்டிய வழக்கு. 2013இல் பீகாரின் சாப்ரா அருகே மதிய உணவுண்ட 23 பள்ளிக் குழந்தைகளைக் கொன்றதும் அதே மருந்துதான். காய்கறிப் பயிருக்குக் கூடாது என்று காகிதத்தில் எழுதிவிட்டு, பருத்திக்கு என்று சொல்லி எல்லாக் கடைகளிலும் விற்க விட்டார்கள்.

2020 மே 14 அன்று ஒன்றிய அரசு 27 மருந்துகளைத் தடை செய்யும் வரைவாணையை வெளியிட்டது. மோனோகுரோட்டோபாஸ் அதில் இருந்தது. மாலத்தியானும் இருந்தது. அந்த வாரங்களில் ராஜஸ்தானில் பாலைவன வெட்டுக்கிளிகளை ஒழிக்க அரசின் வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பே மாலத்தியானைத் தெளித்துக்கொண்டிருந்தது. டிரோன்களுக்கு அவசர விலக்கும் அளிக்கப்பட்டது. ஒரு கையால் தடை எழுதி மறு கையால் தெளித்த இந்தக் காட்சி வேடிக்கையானது. ஆனால் நிறுவனங்களுக்கு அது வாய்ப்பாயிற்று. ஆட்சேபம் தெரிவிக்கக் கொடுத்த 45 நாள் அவகாசம் 90 நாளாக நீண்டது. 2023இல் கணக்கு முடிந்தபோது 27இல் முழுத் தடைக்குள் வந்தவை டைகோபால், டைனோகேப், மீத்தோமில் ஆகிய மூன்று மட்டுமே. மோனோகுரோட்டோபாசின் ஒரு வகைக்கு மெல்ல விடைகொடுக்கப்பட்டது. விஷத்தை உள்ளே விடுவதற்குக் காட்டிய சுறுசுறுப்பு வெளியே அனுப்புவதில் இல்லை.

“எதிர்பாராத” பூச்சி

எதிர்பாராத தாக்குதல் என்பது அவசர அனுமதிகளின் நிரந்தர வாதம். படைப்புழு 2016லேயே மேற்கு ஆப்பிரிக்காவில் இறங்கி, கண்டம் முழுவதையும் நாசம் செய்துகொண்டிருந்தது. இரண்டு ஆண்டு முன்னறிவிப்பு இருந்தும் அது எதிர்பாராதது ஆயிற்று என்றால், எதிர்பார்ப்பதற்கென்று சம்பளம் பெறும் துறைகள் காலிப் பணியிடங்களால் ஆளப்படுகின்றன என்றே பொருள். ஊருக்கு ஒரு வேளாண் அலுவலர் இல்லாத இடத்தில் மருந்துக்கடைக்காரரே மருத்துவர். கடனாக மருந்து தருபவரும் அவர், எந்த மருந்து என்று தீர்மானிப்பவரும் அவர், அறுவடையில் கடனை வசூலிப்பவரும் அவர்.

பொதுத்துறை விஞ்ஞானத்தை வேலை செய்ய விட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பட்டு விவசாயிகளின் அனுபவத்திலேயே சான்று உண்டு. 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. இரண்டு ஆண்டுகளில் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் மல்பெரித் தோட்டங்களில் வெள்ளை வெள்ளையாய் அப்பி, கர்நாடகத்துக்கும் பரவியது. மெழுகுப் போர்வைக்குள் இருக்கும் அப்பூச்சியை மருந்து எளிதில் தொடவில்லை. இலையையோ மருந்து கெடுத்தது. மல்பெரிக்கு மருந்தடித்தால் நாள்கணக்கில் இலை பறிக்க முடியாது என்பதால் பட்டு விவசாயிக்கு ரசாயனம் தீர்வே ஆகவில்லை. 2010 ஜூலையில் பெங்களூருவின் தேசிய வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம், அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரீக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே உள்ளிட்ட மூன்று ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. கடுகினும் சிறிய குளவிகள். பல்கலைக்கழகங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் அவற்றைப் பெருக்கி வயல்களில் விட்டன. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. மரவள்ளியில் 2020இல் புதிய மாவுப்பூச்சி வந்தபோதும் அதே வழி. பெனின் நாட்டிலிருந்து வந்த குளவி 2022இல் சேலம் மாவட்டத்தில் விடப்பட்டது.

குளவிக்குக் காப்புரிமை இல்லை. ஒருமுறை விட்டால் அது தானே பெருகும். அடுத்த பருவத்தில் மீண்டும் வாங்க வேண்டியதில்லை. சந்தையின் கண்ணில் இதைவிடப் பெரிய குறை எதுவும் இருக்க முடியாது. எல்லாப் பூச்சிக்கும் உடனே ஒரு குளவி கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. 2010லும்கூட அதற்கு முன் இரண்டு ஆண்டு நட்டத்தை விவசாயி தாங்கினார். ஆனால் அந்த இரண்டு ஆண்டை இரண்டு மாதமாகச் சுருக்குவதற்கான பணமும் ஆளும் ஆராய்ச்சி நிலையங்களுக்குக் கொடுக்கப்படுகிறதா? அவசரம் என்றால் அங்கேயும் அவசரம் தெரிய வேண்டும்.

ஐரோப்பாவைப் புகழ்வதற்கும் காரணமில்லை. அங்கே அவசர அனுமதிக்கு 120 நாள் வரம்பு சட்டத்தில் உண்டு. தடை செய்த நியோனிகோட்டினாய்டு மருந்துகளுக்கே சர்க்கரைக்கிழங்கு முதலாளிகளுக்காக ஆண்டுதோறும் “அவசரம்” புதுப்பிக்கப்பட்டது. 2023 ஜனவரி 19 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், தடை செய்யப்பட்ட அந்த மருந்து பூசிய விதைகளுக்கு இப்படி விலக்களிக்க முடியாது என்று தீர்ப்பளிக்க வேண்டியதாயிற்று. வரம்பு எழுதப்பட்ட இடத்திலேயே நிலைமை இதுவெனில், வரம்பைப் பற்றிப் பொதுவெளியில் விவாதிக்கக்கூட இடமில்லாத நாட்டில் தற்காலிகம் எப்போது நிரந்தரமாகும் என்று யார் கணக்கு வைப்பது?

2008, 2020 என இரண்டு முறை புதிய பூச்சிமருந்து மேலாண்மை மசோதா மாநிலங்களவைக்கு வந்தும் இரண்டும் சட்டமாகவில்லை. அடுத்து எது வந்தாலும் அவசர அனுமதிக்கு முடிவு நாளும், அனுமதிக்கப்பட்ட மருந்தால் நேர்ந்த நச்சுப் பாதிப்புகளின் பொது அறிக்கையும், தெளிப்பவருக்கு நிறுவனத்தின் செலவில் இழப்பீடும், மாநிலங்களுக்கு 60 நாளைக் கடந்த தடை அதிகாரமும் அதில் இருக்க வேண்டும் என்பது விவசாய, விவசாயத் தொழிலாளர் இயக்கங்களின் கோரிக்கையாக இப்போதே எழ வேண்டும்.

நாடாளுமன்றத்துக்குக் காத்திராமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, மருந்தைக் கையாண்டு நச்சேறிய ஒவ்வொரு நிகழ்வையும் குறிப்பிட்ட அதிகாரிக்குத் தெரிவிக்கும்படி யாரையும் பணிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. மருந்தடித்துத் திரும்பி மயங்கி விழுந்தவர் கொள்ளேகால் அரசு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு மறுநாள் கூலிக்குப் போய்விட்டால், அவர் எந்த மருந்தால் விழுந்தார் என்பது எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. அது ஏறும்வரை பதிவுக் குழுவின் மேசையில் மருந்தைப் பற்றி இருப்பவை நிறுவனம் தந்த தாள்கள்தாம். சாமராஜநகர் மாவட்டத்தின் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையமும் அந்தப் பதிவேட்டைத் திறக்க வேண்டும் என்று பெங்களூருவின் காங்கிரஸ் அரசு அறிவிக்கை வெளியிடலாம். அதற்கு டெல்லியின் கையெழுத்துத் தேவையில்லை.