ஒரு சின்ன ‘லாம்’



அண்மையில் ஊருக்குப் போனபோது கிராம சபைக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். வேப்பமரம், ஷாமியானா, கரகரக்கும் மைக். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான் கூட்டத்தில் பாதி. தீர்மானத்தை வாசிக்கும் முன்பே கையெழுத்து நோட்டு சுற்றி வந்துவிட்டது. ஓர் அம்மா எழுந்து, “எங்க தெருவுல லைட்டு எரியல” என்றார். “எழுதிக்கிட்டோம்மா, மேல அனுப்புறோம்” என்று பதில் வந்தது.

ஒரு பல்புக்கும் ‘மேலே’தான் போகவேண்டியிருக்கிறது!

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 29 துறைகளைப் பட்டியலிட்டது. குடிநீர், தொடக்கக் கல்வி, சிறு பாசனம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அவற்றைக் கவனிக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றம் ஊராட்சிகளுக்கு ‘வழங்கலாம்’ என்றுதான் 243ஜி பிரிவு சொல்கிறது. வழங்கியாக வேண்டும் என்று சொல்லவில்லை. எல்லாம் அந்த ‘லாம்’ செய்கிற வேலை. கேரளம் அதை வாய்ப்பாக எடுத்துக்கொண்டது. 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். ஆரம்ப சுகாதார நிலையமும் வேளாண் அலுவலகமும் ஊராட்சியின் பொறுப்பில் வந்தன.

தமிழ்நாட்டில் நாம்? மாநில சுயாட்சிக்காக 1969இலேயே ராஜமன்னார் குழுவை அமைத்தவர்கள். டெல்லி நம்மை நடத்தும் விதத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம், பேசவும் வேண்டும். ஆனால் நம்மிடம் இருக்கும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளை நாம் எப்படி நடத்துகிறோம்? 2016இல் பதவிக்காலம் முடிந்த பிறகு மூன்று ஆண்டுகள் தேர்தல் இல்லை; தனி அலுவலர்கள்தான். 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் மறுபடியும் அதே கதை. மக்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரை, உரிய விசாரணை முறைகளை முடித்துவிட்டு, மாவட்ட ஆட்சியரே பதவியிலிருந்து நீக்கத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவு வழிசெய்கிறது. முதல்வரை நீக்க ஓர் ஆளுநருக்கு இப்படியொரு பிரிவு இருந்தால் நாம் சும்மா இருப்போமா?

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். கையில் அதிகாரமும் காசும் இல்லாத நாற்காலியில் அவர்களை உட்காரவைத்திருக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

காந்தி ஜெயந்தி அன்று மீண்டும் கிராம சபை கூடும். போய்வந்து எழுதுங்கள். நோட்டு கைக்கு வந்ததும், கையெழுத்துப் போடும் முன் தீர்மானத்தை வாசிக்கச் சொன்னீர்களா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்